ஜன்னலுக்கு இந்தப் பக்கம்

கம்பிகளுக்கு இடையே கையை நுழைத்து அலைபேசியை வெளியே நீட்டினாள்.

எதிர் மாடியில் யாரோ வெள்ளை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தார்கள். காற்று அவற்றை ஊதிப் பெருக்கியது, விட்டது, மறுபடி ஊதியது. பாலைவனத்து மாலை வெயில் துணிக்குள் புகுந்து மஞ்சளாக வெளியே வந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

படத்தில் கம்பி விழவில்லை.

நாகர்கோவிலில் நர்சிங் படிக்கும் மகள் ஜெர்லினுக்கு அனுப்பினாள். கீழே எழுதினாள்: இன்னைக்குத் துணிச் சந்தைக்குப் போனேன்.

நேற்றைய படம் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அதைப் பழைய கோட்டை என்று எழுதியிருந்தாள். அதற்கு முன்னால் ஏசி பெட்டியின்மேல் இரண்டு புறாக்கள். கழுவிவிட்ட தெருவில் கிடந்த வானம்.

எல்லாம் இந்த ஒரு ஜன்னல்தான்.

படங்கள் பொய் இல்லை. எடுக்கும்போது உண்மையாகவே அவளுக்கு மனம் நிறைந்தது. போனேன் என்பதுதான் பொய்.

அவள் வேலைசெய்யும் வீட்டின் முதலாளி காலையில் வெளியே பூட்டிக்கொண்டு போவார். அவர் வரும்வரை உள்ளே இரண்டு பேர். அவளும், பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலற்றுப்போன அவர் மனைவி ஹுதாவும். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஹுதாவைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம் போன வருடமே முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் இன்னும் முதலாளி கையில். ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் அவரிடம் ஒரே பதில். அடுத்த மாதம்.

மகளிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"எம்மா, படம் சூப்பரா இருக்கு. ஹாஸ்டல்ல எல்லாரும் கேக்காவ. ஆனா ஒண்ணுலயும் நீ இல்லியே? வீடியோல வான்னா நெட் இல்லங்கிற. இன்னைக்கு உன் படம் ஒண்ணு வந்தாகணும், சொல்லிட்டேன்."

கட்டிலிலிருந்து ஹுதா பார்த்துக்கொண்டிருந்தாள். இடக்கையை நீட்டி, கொடு என்பதுபோல் விரல்களை மடக்கினாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள்.

அலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போய் நின்றாள். துப்பட்டாவைச் சரிசெய்தாள். சிரித்தாள்.

படம் சாய்ந்திருந்தது.

கன்னம் ஒட்டி, முன்தலை நரைத்து, யாரோ ஒருத்தி. அவளுக்குப் பின்னால் கம்பிகள். கம்பிகளுக்கு அப்பால் விரிப்புகள், தொட்டி, புறாக்கள், தெரு. அவள் போய்வந்த இடங்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

அழிக்கத்தான் விரல் போனது.

"ஜமீலா," என்றாள் ஹுதா, குழறலாக.

அழகி. அந்த அரபுச் சொல் அவளுக்குத் தெரியும்.

அனுப்பினாள். கீழே எதுவும் எழுதவில்லை.

மகள் பார்த்துவிட்டாள்.

ஹுதாவுக்குக் கஞ்சி ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். எதிர் மாடியில் விரிப்புகளை யாரோ மடித்து எடுத்துப் போனார்கள்.

அதன் பிறகுதான் மகளின் குரல் பதிவு வந்தது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது.

"எம்மா... எல்லாம் அங்க நின்னுதான் எடுத்தியா?"

மறுபடி மூச்சு.

"நீ வந்துரும்மா. எனக்குப் படம் ஒண்ணும் வேண்டாம். நீ வந்துரு."

ஹுதா கையைத் தூக்கி ஒரு பெண்ணின் உயரம் காட்டினாள். மகளா?

தலையாட்டினாள்.

இன்னொரு முறை கேட்க வேண்டும் என்றாள் ஹுதா, சைகையில். கேட்டாள். அதற்குப் பிறகும் ஒருமுறை.

பிறகு தன் அலைபேசியை எடுத்துத் தரச் சொன்னாள். படுக்கையில் விழுந்ததிலிருந்து அவள் அதில் யாரிடமும் பேசியதில்லை. வாய் கோணுவதில் அவளுக்கு வெட்கம்.

கணவரை அழைத்தாள். ஹுதாவின் காதில் இவள் அதைத் தாங்கிப் பிடித்தாள்.

ஒவ்வொரு சொல்லாக, எச்சில் வழிய, ஹுதா பேசினாள். மறுமுனை கத்தியது. அவள் நிறுத்தவில்லை.

அத்தனையிலும் இவளுக்குப் புரிந்தது ஒரே ஒரு சொல். ஹுதா அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பாஸ்போர்ட்."

பேசி முடியும்வரை ஹுதாவின் இடக்கை இவளுடைய மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

முடிந்த பிறகும்.