தாமஸ் வைத்த தடுப்பு

சாவியோ சுத்தியலை ஓங்கியபோது அவன் மனைவி ஜானட் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்த பிடியில் சுத்தியல் கீழே விழுந்தது. அதைக் காலால் எட்டித் தள்ளினாள்.

ஹாலையும் உள்ரூமையும் பிரிக்கிற அந்த ஆஸ்பெஸ்டாஸ் தடுப்பு அவன் அப்பா தாமஸ் வைத்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில், மீன்பாடி வண்டியில் ஷீட்டுகளை ஏற்றி ராயபுரம் வரைக்கும் தானே மிதித்துக் கொண்டுவந்தவர்.

நன்றாக இருக்கிற சுவரை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று சாவியோ நேற்றெல்லாம் கத்தினான். பிரித்தே தீர வேண்டும் என்று அவள் நின்றாள். சரி, நாலு அடியில் முடித்துவிடுகிறேன் என்று சுத்தியலோடு வந்தவனைத்தான் இப்போது மறித்தாள்.

உடைத்தால் தூள் பறக்கும், அது நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது என்றாள். இத்தனை வருஷம் இதன் பக்கத்தில்தானே படுத்துத் தூங்கினோம் என்றான்.

"எங்கப்பா வெச்ச செவுரு. என் வூட்ல என்னியே வோணாங்கிறியா?"

"வெளிய போய்யா. வேல முடியறதுக்குள்ள வாசப்படி மிதிச்ச, மருவாத கெட்ரும்."

தோளைப் பிடித்துத் தள்ளிக் கதவைத் தாழிட்டாள்.

உள்ளே அவளும் அவள் தம்பி ஜெனிஷும் மட்டும். அவன் பழைய ஷீட் பிரிக்கிற வேலை தெரிந்தவன். இருவரும் முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஃபேன் ஓடவில்லை.

அவள் தண்ணீர் தெளித்து ஷீட்டை நனைத்துக்கொண்டே இருந்தாள். அவன் ஸ்க்ரூக்களைக் கழற்றி, உடையாமல் இறக்கினான். தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி டேப் ஒட்டினார்கள். துடைப்பத்தைத் தொடாமல் ஈரத்துணியால் தரையைத் துடைத்தாள். துடைத்த வேகத்தில் தரையே பெயர்ந்துவிடும் போலிருந்தது.

தெருவில் சாவியோ எதிர்வீட்டு ஆலிஸிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தான். சொந்த வீட்டை விட்டுத் துரத்திவிட்டாளாம். அப்பா ஞாபகமே இல்லாமல் பண்ணுகிறாளாம்.

மாமா மேல் ஏன் இத்தனை கோபம் என்று ஜெனிஷ் கேட்டான். ஜானட் துணியைப் பிழிந்து மறுபடி தரையில் அழுத்தினாள்.

சாவியோ மேல் அவளுக்குக் கோபமே இல்லை. பாய்லர் குழாய்களுக்கு இதே ஆஸ்பெஸ்டாஸில் செய்த கல்நார்ப் பஞ்சு சுற்ற, வருஷக்கணக்கில் அவனை வெறும் முகத்தோடு அனுப்பிய காண்ட்ராக்டர் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ. கைக்குக் கிடைத்தவன் இவன்தான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் சாவியோவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளிடம் மட்டும் பேசினார். நுரையீரலில் பாதி கெட்டுவிட்டது என்றார். இனி ஒரு பொட்டுத் தூசு ஆகாது என்றார். அதை அவனிடம் எந்த வாயால் சொல்வது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

வெளியே அவன் விடாமல் திட்டிக்கொண்டிருந்தான்.

அவள் துடைப்பதை நிறுத்திவிட்டு, எந்தச் சொல்லில் அவன் மூச்சு அறுபடுகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.