மூன்று பட்டியலில் ஒரு பெயர்

1989 ஆனி மாதம். குற்றாலத்துச் சாரல் தென்காசி வரை வந்து ஆஸ்பத்திரி ஜன்னலை நனைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளே கம்ப்யூட்டரின் பச்சை வெளிச்சம் விஜயத்தின் முகத்தில் விழுகிறது. கல்லூரி, மில், போலீஸ் என்று மூன்று இடங்களில் வாங்கிய ரத்தப் பிரிவுப் பட்டியல்களை நான்கு மாதமாக அவள்தான் இதில் ஏற்றியிருக்கிறாள். வாசலில் பண்பொழிச் சுடலைக்கண்ணு துண்டைக் கசக்கியபடி நிற்கிறார். பிரசவ அறையில் அவர் மனைவிக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். "தாளைப் புரட்டித் தேடுனா சாயங்காலம் ஆயிரும். இதுல ஒரே கேள்விதான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, மூன்று பட்டியலையும் சேர்த்துத் தேடச் சொல்லி ஒரு வரி தட்டுகிறாள். பெட்டி கரகரக்கிறது. திரை வெறுமையாகவே இருக்கிறது. "ஒண்ணும் வரலியேம்மா" என்கிறார் அவர், வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து. அப்போது ஒரே ஒரு பெயர் எழுகிறது: இசக்கிப்பாண்டி, காவலர், அச்சன்புதூர். "இருக்காரு!" என்று கத்துகிறாள் விஜயம். பக்கத்தில் நின்ற நர்ஸ், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்கிறாள். ஆள் அருவிக்கரையில் டூட்டியில் இருக்கிறாராம். அரை மணியில் ஜீப் வருகிறது. நனைந்த காக்கிச் சட்டையின் கையை மடித்துக்கொண்டே ஒருவர் உள்ளே ஓடுகிறார். வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்து, "பயப்படாதீங்க, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க" என்கிறார். சுடலைக்கண்ணு சுவரில் சாய்ந்து அழுகிறார். பின்னால் வந்த காவலர், முழங்கையில் பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்கிறார்: "அம்புட்டுக் கூட்டத்துல நின்ன என்னையத் தேடிப் பிடிச்சது யாரு?" நர்ஸ் பதில் சொல்லுமுன் விஜயம் எழுந்து நிற்கிறாள். "நான்தான் சார்."