யோனாவுக்குப் படகு பழக வேண்டும்

"பயப்படாதடே, நான்தான் கூட இருக்கேன்லா," என்று நாய்க்குட்டியின் காதில் சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு படகுக்குள் காலை வைத்தாள் சுனிதா.

நாய்க்குட்டியின் பெயர் யோனா. கப்பலிலிருந்து கடலில் தூக்கிப் போடப்பட்ட தீர்க்கதரிசியின் பெயரை வேண்டுமென்றேதான் வைத்திருந்தாள். தண்ணீர் என்றாலே அவளுக்கு ஆகாது. சின்ன வயதில் அலை இழுத்துக்கொண்டு போக, யாரோ தலைமுடியைப் பிடித்துக் கரையில் போட்டதிலிருந்து வந்த பயம். பம்பாயில், கடற்கழி மேல் போகும் வாஷி பாலத்தை ரயில் தாண்டும்போதுகூட ஜன்னல் பக்கம் திரும்பமாட்டாள்.

அவளுக்கு வாய்த்த புருஷன் ஏஞ்சலோவுக்கோ கடல்தான் எல்லாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி, செப்பனிட்டு, டிராம்பே படகுத்துறையில் கட்டி வைத்திருந்தார். கரையோரமாகவே அலிபாக், ரத்னகிரி என்று நின்று நின்று போகவேண்டும், ராத்திரிப் படுக்கையும் படகிலேயே என்பது அவருடைய வெகுநாள் கனவு. தனியாகப் போய் மீனுக்குத் தீனியாகுங்கள் என்று சுனிதா சொல்லிவிட்டாள். சொன்னாளே தவிர, அவர் தனியாகப் போவதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள், சட்டைக்குள் யோனாவை வைத்துக்கொண்டு செம்பூர் வீட்டுக்கு வந்தார் ஏஞ்சலோ. தெருவில் கிடைத்ததாம். துணைக்கு இதையாவது கூட்டிப் போகிறேன் என்றார்.

யோனா சோபாவுக்கு அடியில் புகுந்து வெடவெடவென்று நடுங்கியது. ஆட்டோ போனாலும் நடுக்கம், குக்கர் விசில் அடித்தாலும் நடுக்கம். என் சட்டையின் உப்பு வாடைக்கே இந்தப் பாடு படுகிறது, படகில் எப்படி இருக்கும் என்று ஏஞ்சலோ உச்சுக் கொட்டினார். குட்டி ஒட்டிக்கொண்டது சுனிதாவிடம் மட்டும்தான்.

"நீதான் பழக்கித் தரணும். இது பழகலன்னா படகை வித்துர வேண்டியதுதான்," என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. முதலில் படகுத்துறையில் உட்கார்ந்து படகைப் பார்ப்பதோடு சரி. பிறகுதான் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு ஏறி, கட்டிக்கிடந்த படகில் குட்டியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டினாள். கயிற்றுப் பாய் மேல் ஒண்ணுக்குப் போகச் சொல்லிக்கொடுத்தாள். படகு ஆடும்போதெல்லாம் காதைத் தடவிக்கொண்டே கோயில் பாட்டை முணுமுணுத்தாள். வீட்டில் பொட்டுத் தூக்கம் இல்லாத குட்டி, அங்கே சொக்கித் தூங்கியது. எல்லாம் தன் கைராசி என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை.

ஒவ்வொரு நாளும் கரையேறியதும் ஏஞ்சலோ யோனாவுக்கு ஒரு பிஸ்கட்டும், அவளுக்குச் சூடாக ஒரு போண்டாவும் வாங்கித் தருவார்.

தை மாதக் காலை ஒன்றில் முதன்முதலாகக் கட்டவிழ்த்து, படகின் பாயை விரித்தார்கள். காற்றுப் பிடித்ததும் சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. மூடுபனிக்குள் கட்டடங்களின் அடிப்பாகம் தெரியவில்லை. படகு நிற்க, பம்பாய்தான் மெல்ல நகர்ந்து போவதுபோல் இருந்தது. சேற்றுத் திட்டில் நின்ற பூநாரைகள் கூட்டமாக எழுந்து, இளஞ்சிவப்பாகப் பனிக்குள் கரைந்தன. இத்தனை அழகையா இவ்வளவு காலம் பார்க்காமல் இருந்தோம் என்று நினைத்தாள் சுனிதா. நன்றாகப் பார்க்க எழுந்து நின்றாள். யோனா முன்னால் போய்க் காற்றை மோந்தது.

எதிரே ஒரு மீன்படகு வந்தது. அதிலிருந்த கோளி மீனவப் பெண் குட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஹ்யாச்சி நாவ் கோண்ச்சி?" என்று மராத்தியில் கேட்டாள்.

"யோனா," என்றாள் சுனிதா.

மீன்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மராத்தியில் பெயருக்கும் நாவ், படகுக்கும் நாவ்; அவள் விளையாட்டாகக் கேட்டது இவன் எந்தப் படகுக்காரன் என்று. "நாம் நஹி, ஹோடி," என்று தன் படகின் பக்கப்பலகையைத் தட்டிக் காட்டினாள். இந்த வெள்ளைக்காதன் இதே படகில் பிறந்தவன், இங்கிருந்து போகும்வரை தரையையே மிதித்ததில்லை, உங்கள் வீட்டுக்காரர்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கிப் போனார் என்று இந்தியில் சொல்லிவிட்டு, கையசைத்தபடி பனிக்குள் போய்விட்டாள்.

சுனிதா மெதுவாகத் திரும்பினாள்.

"படகுலயே பொறந்ததையா நான் இத்தனை நாளா படகுக்குப் பழக்குனேன்?"

ஏஞ்சலோ குட்டியின் பக்கம் பார்க்கவே இல்லை. சாய்ந்து ஓடும் படகில், எதையும் பிடிக்காமல் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்த மனைவியை மேலும் கீழுமாகப் பார்த்து, "பழகிட்டல்லா," என்றார்.