ஏழுக்கு ஏழு

"எவனோ ஒருத்தன் என் பொண்ணு படிப்புல மண்ணைப் போட்டுட்டான்! யாருடா அவன்? முன்னால வாடா!"

சிங்கப்பூர் தேக்காவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் ரவூப் பாய் போட்ட சத்தத்தில், கைலி பார்த்துக்கொண்டிருந்தவர் கைலியை வைத்துவிட்டு நழுவினார்.

"மெதுவா லா, அத்தா!" மகள் நஸீஹாவுக்குக் கண் கலங்கியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் சைக்காலஜி, கடைசி வருடம். ஹானர்ஸ் பட்டம் வேண்டுமென்றால் சொந்தமாக ஓர் ஆய்வு செய்யவேண்டும். 'கடைக்காரர்களின் தனிமை' என்று தலைப்பு எடுத்து, தேக்கா கடைக்காரர்களுக்குக் கைப்பேசியில் கேள்விகள் அனுப்பியிருந்தாள். ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஓர் எண்ணைத் தட்டினால் போதும்.

"அத்தனை பேரும் எல்லாத்துக்கும் ஏழு போட்டிருக்காங்க. 'தனியா உக்காந்து அழறேன்', ஏழு. 'எனக்குன்னு யாருமில்லை', ஏழு. அந்தத் தெருவே ஒப்பாரி வைக்குதான்னு சூப்பர்வைசர் கேக்கறாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒழுங்கான பதில் வரலைன்னா எனக்கு ஹானர்ஸ் கிடையாது."

ரவூப் பாயின் குரல் சட்டென்று இறங்கியது.

"ஏழுன்னா... ஃபுல் மார்க் இல்லையா?"

"ரொம்ப மோசம்னு அர்த்தம்!"

பக்கத்துப் பூக்கடை மருதப்பன் கையில் பாதி மாலையோடு எட்டிப் பார்த்தார்.

"பாய், நீங்கதானே கடை கடையா ஏறி, 'என் மகளுக்கு ஏழுக்குக் குறையாம போடு'ன்னீங்க?"

"அது... சும்மா ஒரு சிபாரிசு."

"சிபாரிசா? நான் மூணுன்னேன். கட்டுப்படியாகாதுன்னீங்க. அஞ்சுக்கு ஏறி வந்தேன். 'வேணாம், நீயே வச்சுக்கோ'ன்னு திரும்பிப் போற மாதிரி நடந்தீங்க. நான்தான் கூப்பிட்டு ஏழு போட்டேன்!"

நஸீஹா தலையில் கைவைத்துக்கொண்டாள். "என் ஆய்வுலயும் பேரமா அத்தா?"

"நாலாவதோட நின்னவன் நான்! மார்க்குன்னா கூடினாத்தானே நல்லது? அழுகைக்கு மார்க் போடுவாங்கன்னு எவன் கண்டான்? கேள்வி எழுதினவங்களுக்கு அறிவு வேணாம்?"

"கேள்வி எழுதினது நான்."

ரவூப் பாய் மீட்டர் கோலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"சரி, எல்லாரையும் முதல்லேருந்து கேக்கறேன்" என்றாள் நஸீஹா. "மருதப்பன் மாமா, உங்க பழைய பதிலை எடுத்துடறேன். இந்தாங்க, மனசுல பட்டதைத் தட்டுங்க. நான் பாக்கமாட்டேன்."

மருதப்பன் கைப்பேசியை வாங்கவில்லை. மாலை நாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

"என்னோடதை எடுக்க வேணாம்மா. அந்த ஏழு இருக்கட்டும்."

"அத்தாவுக்காகப் பொய் சொல்லாதீங்க மாமா."

"மூணுன்னதுதாம்மா பொய். பாய் எதிர்ல உள்ளதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அவரே ஏழு கேட்டாரா, நல்லதாப் போச்சுன்னு போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று பூக்கடைக்குள் போய்விட்டார்.

ரவூப் பாய் மீட்டர் கோலைக் கீழே வைத்தார்.

"பக்கத்துக் கடைதான்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "தினம் பேசறோம். வாடகை, வியாபாரம்..." மகளைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்கு நான் என்னம்மா பண்ணணும்?"

"என் ஹானர்ஸை நான் பாத்துக்கறேன். இத்தனை வருஷமா பக்கத்துலயே இருந்துக்கிட்டு அவரைத் தனியா விட்டது யாரோ, அந்த ஆள் இப்பவே போய் அதைச் சரி பண்ணட்டும். எந்திரிங்க அத்தா!"