வூலான் எழுதிய பக்கம்

வூலான் மேசைக்குப் போன பெண் விமானம் ஏறமாட்டாள் என்று அந்த விடுதியில் ஒரு பேச்சு உண்டு.

மலாங் ஊரின் அந்தப் பயிற்சி விடுதியில் அறுபது பெண்கள், சிங்கப்பூருக்கு வீட்டுவேலைக்குப் போகக் காத்திருந்தார்கள். ஒவ்வொருத்தியைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதி அனுப்புவார்கள். அதைப் படித்துத்தான் அங்கே ஆள் எடுப்பது. எழுத அலுவலகத்தில் இரண்டு பேர்; அதில் ஒருத்தி வூலான்.

பக்கத்து மேசைக்காரர் எழுதினால் இரண்டே வாரம், பெட்டி கட்டிவிடலாம். வூலான் பக்கம் எழுதிக் கொடுத்த ரூமினி நாலு மாதமாகப் பாயைச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த தூத்தி கிளம்பும்போதுகூடச் சீண்டிவிட்டுத்தான் போனாள்.

"வந்தன்னைக்கு இங்க ஒட்ட வெட்டின உன் முடி, காதை மூடுற அளவுக்கு வளர்ந்துடுச்சு. நீ இன்னும் இங்கேயே இருக்கியேடீ."

ஊரில் எட்டு வயது மகன், மழைக்கு ஒழுகும் கூரை. இந்த மாதமும் யாரும் எடுக்காவிட்டால் ஊருக்கே அனுப்பிவிடுவோம் என்று விடுதிக்காரர் சொல்லிவிட்டார். மாதம் முடிய ஒன்பது நாள்.

அன்று அலுவலகத்தைப் பெருக்குவது ரூமினியின் முறை. வூலான் மேசையில் தன் படம் ஒட்டிய தாளைப் பார்த்தாள். நாலு மாத வகுப்பில் எழுத்துக்கூட்டக் கற்றிருந்தாள். அவள் முழுசாகப் படித்த முதல் ஆங்கிலப் பக்கம் அதுதான்.

'ரூமினிக்கு ஞாயிறு விடுமுறை வேண்டும். வயிறாரச் சாப்பிடுவாள். களைத்தால் களைப்பு என்று சொல்வாள். மகனோடு வாரம் ஒருமுறை பேச வேண்டும்.'

வூலான் சாப்பிட்டுவிட்டு வரும்வரை அவள் துடைப்பத்தோடு அங்கேயே நின்றாள்.

"நான் உங்களுக்கு என்னக்கா கெடுதல் பண்ணினேன்?"

வூலான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இதைப் படிச்சா எவ என்னை எடுப்பா? முன்னல்லாம் நீங்க எழுதினா மூணே நாள்ல டிக்கெட் வரும்னு சொல்றாங்க. எனக்கு எழுத மட்டும் கை வரலையா?"

வூலான் இழுப்பறையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்து நீட்டினாள்.

'அலுவலகம் முடிந்து நீங்கள் களைத்து வரும்போது, கதவருகே ஒரு சிரித்த முகம் காத்திருந்தால் எப்படி இருக்கும்?' என்று தொடங்கியது. 'விடுமுறை கேட்கமாட்டாள். கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள். எதற்கும் முகம் சுளிக்கமாட்டாள். ஊரில் இவளைத் தேட யாருமில்லை. இனி உங்கள் வீடுதான் இவள் வீடு.'

படித்து முடித்தபோது ரூமினிக்கே அந்தப் பெண்ணை வேலைக்கு வைத்துக்கொள்ளத் தோன்றியது.

"இதே மாதிரி எனக்கும் எழுதுங்கக்கா. இது யாரு?"

"என் தங்கச்சி. நிங்சி." வூலான் படத்தின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தாள். "படிச்ச அன்னைக்கே எடுத்துக்கிட்டாங்க. நான் எழுதினது அத்தனையும் நம்பினாங்க. லீவு கேக்கமாட்டான்னேன், குடுக்கல. கொஞ்சமா சாப்பிடுவான்னேன், கொஞ்சமாத்தான் போட்டாங்க. பதினோரு நாள் காய்ச்சல்ல கிடந்திருக்கா. எங்களுக்கு ஒரு போன் வரல. தேட யாருமில்லைன்னு நான்தானே எழுதியிருந்தேன்."

சுராபாயா விமான நிலையத்தில், சரக்கு இறக்கும் வாசலில் கையெழுத்துப் போட்டு அவளைச் சவப்பெட்டியில் வாங்கி வந்தாளாம்.

ரூமினியின் கையிலிருந்த துடைப்பம் சுவரில் சாய்ந்தது.

"உனக்கு எழுதினதைப் படிச்சும் ஒருத்தி உன்னை எடுத்தா, அந்த வீட்டுக்கு உன்னை அனுப்பலாம்னு நினைச்சேன்." வூலான் பேனாவைத் திறந்தாள். "உனக்கும் கஷ்டம் இருக்கு. மாத்தணும்னா சொல்லு, இப்பவே மாத்திடறேன்."

ரூமினி இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாத்துங்கக்கா" என்றாள். "மகனோட வாரம் ஒருமுறைன்னு போட்டிருக்கீங்க. தினமும்னு போடுங்க."