பதிமூன்றாவது துண்டு

பழைய வாஷிங் மெஷின் என்றால் எனக்கும் அத்தானுக்கும் உயிர். யாருடைய டப் பெரிது என்ற சண்டையைத் துண்டு வைத்துத்தான் தீர்ப்போம். எல்லாம் ஒரே அளவு வெள்ளைத் துண்டுகள். அழுத்தித் திணிக்கக் கூடாது, மூடி லேசாக மூட வேண்டும்.

என் மெஷின் பன்னிரண்டு பிடித்தது. அத்தானுடையதும் பன்னிரண்டுதான் பிடித்தது. ஆனால் துவைத்து எடுத்தபோது பதிமூன்று வந்தது. கடைசித் துண்டு மட்டும் காய்ந்திருந்தது.

"தோத்துட்ட மாப்ள," என்று குதித்தார் அத்தான்.

"உள்ள போட்டதுதான் கணக்கு, அத்தான்."

"இடம் இல்லாமலா அது உள்ள இருந்துச்சு?"

தோல்வியை ஒப்புக்கொண்டு அன்று அத்தான் வீட்டிலேயே தங்கினேன். அக்கா அந்தக் காய்ந்த துண்டை மெஷின் மேல் போட்டுவைத்தாள்.

காலையில் அது ஈரமாக, நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. நாங்கள் மூவரும் இன்னும் குளித்திருக்கவில்லை.

அக்கா அத்தானிடம் திரும்பினாள். "பாத்தீங்களா, துவட்டிட்டு எவ்வளவு அழகா மடிச்சு வச்சிருக்கு! உங்களுக்கு என்னைக்காவது இது தோணியிருக்கா?"

அக்கா ஈரத்துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, மெஷின் மேல் வேறொரு காய்ந்த துண்டை வைத்தாள். கூடவே ஒரு புதுச் சோப்பும்.