நாற்பது பேரின் ஆட்சேபம்

கோல சிலாங்கூர் விசாரணைக்குப் போன தாயம்மா சோர்ந்துபோய்த் தோட்டத்து லய வீட்டுக்குத் திரும்பினாள். கால் ஒடிந்து கிடந்த கணவர் நல்லசாமி கேட்டார்:

"ரெண்டாவது எண்ணெய்க் குழாய் நம்ம இடுகாட்டு வழியாத்தான் வருதா?"

"ஆமாங்க. நம்ம புள்ளையத் தோண்டி வேற எடத்துல வைக்கணுமாம்."

"நாப்பது பேரு போனீங்களே லா! ஒருத்தருமா எதிர்க்கல?"

"அதிகாரி, 'சம்மதிக்கிறவங்க எழுந்து நில்லுங்க'ன்னாரு. உக்காந்தே இருங்கன்னு எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன். ஒருத்தரும் அசையல."

"அப்புறம்?"

"அந்த நேரம் பார்த்து நம்ம தோட்டத்துப் பெரிய துரை உள்ள வந்தாரு. நாப்பது பேரும் எந்திரிச்சிட்டோம். அவரு நிக்கிறப்ப திரும்ப உக்காரவும் யாருக்கும் துணிவு வரல. அதிகாரி எண்ணிக்கிட்டாரு."

நல்லசாமி பல்லைக் கடித்தார். "மொதல்ல எந்திரிச்ச மடச்சாம்பிராணி யாரு?"

தாயம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நாந்தாங்க."